நாணயத்தின் நாணயம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பணத்தின் மதிப்புக்கும் அரசின் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ‘லிபர்டேரியன்’ என்ற சொல்லை இப்போது அடிக்கடி கேட்கிறோம். அது பணக்காரர்களின் கொள்கை என்று சிலர் சொல்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு கட்சி இருந்ததுண்டா? (கல்லூரி மாணவி, குழித்துறை)

பதில்: ஒருவருடைய உடலும், உழைப்பும், அந்த உழைப்பால் நேர்மையாகச் சேர்த்த பொருளும் அவருக்கே உரியவை, பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அவரை வற்புறுத்தும் உரிமை அண்டை வீட்டாருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை என்பதே அந்தச் சிந்தனையின் அடிப்படை. தமிழில் தனிமனிதச் சுதந்திரவாதம் என்று சொல்லலாம். அரசே கூடாது என்பவர்கள் அதில் சிறுபான்மையினர். காவல், நீதிமன்றம், எல்லைப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் காரணம் காட்ட வேண்டும் என்பவர்களே மிகுதி. நான் முழுமையாக அந்த அணியைச் சேர்ந்தவன் அல்லேன். ஆனால் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு அதிகாரத்தில் இருப்பவருடையது என்ற அவர்களுடைய வாதத்தை மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

அது பணக்காரர்களின் கொள்கை என்ற கருத்தை நம் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் அப்படியே ஏற்றுக்கொள்வது கடினம். திருவிதாங்கூர் ஆட்சியில் ஊழியம் என்ற பெயரில் ஏழைகளிடம் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்டது. தலைக்கு வரி விதிக்கப்பட்டது. இந்த மண்ணின் பெண்கள் தோளில் சீலை போடலாமா என்பதைக்கூட அரண்மனைதான் முடிவு செய்தது. நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு அதை அனுமதித்து 1859-ல் வந்த அரச அறிவிப்பும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. என் உடல் மீதும் என் உழைப்பு மீதும் உனக்கு என்ன உரிமை என்ற கேள்வியை இங்கே முதலில் கேட்டவர்கள் பனையேறிகளும் கூலித் தொழிலாளர்களும்தான்.

கட்சியைப் பொறுத்தவரை, 1959-ல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியே இந்தச் சிந்தனைக்கு மிக அருகில் வந்தது. தொழில் தொடங்க உரிமம், மூலப்பொருள் வாங்க அனுமதி, விற்க ஒதுக்கீடு என்றிருந்த ஆட்சிமுறையை அது எதிர்த்தது. 1962-ல் மக்களவையில் 18 இடங்களும், 1967-ல் 44 இடங்களும் பெற்றது. மன்னர் பரம்பரையினரும் தொழிலதிபர்களும் அதற்குத் துணை நின்றார்கள் என்பதால் உங்கள் காதில் விழுந்த விமர்சனம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்ல மாட்டேன். ராஜாஜியையும் முழுமையான சுதந்திரவாதி என்று சொல்ல இயலாது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும், அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. மாநிலங்களின் பெரும் வருவாயாகப் பின்னாளில் வளர்ந்த வரி அவர் கையால்தான் சென்னை மாகாணத்தில் வேர் பிடித்தது.

கட்சி சாராத ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில், 1955-ல் பி. ஆர். ஷெனாய் மட்டும் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். கையில் இல்லாத பணத்தை அச்சிட்டுத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்றார். ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1966 ஜூனில் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பு ஒரே நாளில் 7.50 ரூபாயாக மாற்றப்பட்டது. 2025 டிசம்பரில் அது தொண்ணூறைத் தாண்டியது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓய்வூதியப் பலன்களை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2025-ல் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்ததால், புதுப்பிக்கப் போனபோது முன்பைவிடக் குறைவான வட்டிதான் கிடைத்தது. என் சேமிப்பின் விலையை எங்கோ இருக்கும் சிலர் முடிவு செய்வது நியாயமா? (வடசேரி, நாகர்கோவில்)

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது, அம்மா. முதலில் அந்தச் சிலர் யார் என்பதைச் சொல்கிறேன். 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணக் கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. அதில் ஆறு பேர்: மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் மத்திய அரசு நியமிப்பவர்கள். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ரிசர்வ் வங்கியின் ஆளுநருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு. விலையேற்றத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும், மேலும் கீழும் 2 சதவீதம் வரை விலகலாம் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அந்தக் குழுதான் 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, படிப்படியாகக் குறைத்து, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது.

1974-ல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஹாயெக் போன்றவர்களின் வாதம் இதுதான்: வட்டி என்பது ஒரு விலை. இன்று செலவழிக்காமல் காத்திருப்பவருக்கும், நாளைய வருமானத்தை நம்பி இன்று கடன் வாங்குபவருக்கும் இடையே அமைகின்ற விலை. வெண்டைக்காயின் விலையை ஆறு பேர் கூடி நிர்ணயித்தால் வடசேரிச் சந்தையில் ஒருநாள் காய் அழுகும், மறுநாள் காயே இராது. வட்டியை அப்படி நிர்ணயிக்கும்போது மட்டும் அந்தத் தவறு நேராது என்று எப்படி நம்புவது?

இன்னொரு வாதத்தை 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொருளியல் சிந்தனையாளர் ரிச்சர்ட் காண்டிலன் முன்வைத்தார். புதிதாக உருவாகும் பணம் எல்லோர் கைக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பேச்சிப்பாறை அணையே போதும். அணை திறந்தால் தலைமடை வயலில்தான் முதலில் தண்ணீர் பாயும். கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று வாடிவிடும். குறைந்த வட்டிக்குக் கடன் முதலில் பெரிய நிறுவனங்களுக்கும், நிலம் வாங்கி விற்பவர்களுக்கும், அரசுக்கும் கிடைக்கிறது. அவர்கள் பழைய விலையில் வாங்கி முடித்த பிறகு, ஏறிய விலையில் வாங்க வேண்டிய கடைமடைக்காரர்களாக ஓய்வூதியரும் கூலித் தொழிலாளரும் நிற்கிறார்கள்.

2025-ல் நடந்ததற்காக நான் ரிசர்வ் வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆண்டில் விலையேற்றமும் வெகுவாகக் குறைந்தது, அக்டோபரில் அது கால் சதவீத அளவுக்கு இறங்கியது. வட்டி குறைந்தாலும் உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி அப்போது குறையவில்லை. உண்மையான இழப்பு அதற்கு முன்பே நேர்ந்தது. 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ வட்டி 4 சதவீதமாகவே நிறுத்தி வைக்கப்பட்டது. வைப்புகளுக்கு ஐந்து சதவீத அளவில் வட்டி கிடைத்தது. 2020-21-இல் விலையேற்றமோ சராசரியாக 6.2 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் போட்டவருக்கு ஆண்டு முடிவில் 1,05,000 கிடைத்தது. அதே பொருள்களை வாங்க 1,06,200 தேவைப்பட்டது. இந்த இழப்பின் மேல், ‘வட்டி வருமானம்’ என்று அந்த ஐயாயிரத்துக்கு வருமான வரியும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்களைக் காப்பாற்ற அதைச் செய்தார்கள் என்பது மெய்தான். ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சேமிப்பாளர்கள் சுமந்தார்கள் என்பதை எந்த நிதிநிலை அறிக்கையும் எழுதவில்லை, எந்தச் சட்டமன்றமும் அதற்கு வாக்களிக்கவில்லை.

அனுமதிக்கப்பட்ட 4 சதவீத விலையேற்றமே தொடர்ந்தாலும் ஏறத்தாழ 18 ஆண்டுகளில் விலைகள் இரு மடங்காகும். அறுபது வயதில் ஓய்வு பெறுபவருக்கு எழுபத்தெட்டு வயதில் பணத்தின் மதிப்பு பாதி.

குழுவைக் கலைத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு கோரிக்கைகள் உண்டு. மூன்று காலாண்டுகள் தொடர்ந்து இலக்கைத் தவறவிட்டால் ரிசர்வ் வங்கி காரணங்களை அரசுக்கு எழுதித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2022-ல் முதன்முறையாக அப்படித் தவறியபோது எழுதப்பட்ட கடிதம் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. பணம் மக்களுடையது, கடிதம் மட்டும் எப்படி அரசுக்கும் வங்கிக்கும் இடையிலான அந்தரங்கமாக முடியும்? அதை வெளியிடுவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அடுத்து, நுகர்வோர் விலையேற்றத்தோடு சேர்ந்து வட்டி உயரும் சேமிப்புப் பத்திரங்களை 2013-ல் ரிசர்வ் வங்கி ஒருமுறை வெளியிட்டது, அது நிலைக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்காவது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விலையேற்றம் கட்டுக்குள் இருக்கும் என்று வாக்குறுதி தருபவர், அந்த வாக்குறுதிக்குத் தாமே பொறுப்பேற்கத் தயங்கக் கூடாது.

கேள்வி: ரூபாய் நோட்டில் ‘நூறு ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்’ என்று ஆளுநர் கையெழுத்திட்டிருக்கிறார். எதைத் தருவார்? 2016-ல் அந்த உறுதி என்ன ஆயிற்று? (மீன் வியாபாரி, குளச்சல்)

பதில்: முதல் கேள்விக்குப் பதில் எளிது: நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் நூறு ரூபாய்க்கு வேறு நோட்டுகளோ நாணயங்களோ தருவார்கள். அதற்குப் பின்னால் பொன்னோ வெள்ளியோ தருவதாக எந்த உறுதியும் இல்லை. ஒரு ரூபாய் நோட்டை மத்திய அரசே வெளியிடுவதால் அதில் அந்த வாக்கியம்கூட இராது.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஓர் அறிவிப்பால் முடக்கப்பட்டது. கரையில் ஏலம் எடுத்து, அங்கேயே ரொக்கம் எண்ணிக் கொடுத்து நடக்கும் தொழில் உங்களுடையது. மீன் மறுநாள் வரை காத்திருக்காது. அந்த நாட்களில் வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். என் முன்னே நின்ற ஒரு மூதாட்டி, மருமகனுக்கும் தெரியாமல் சேர்த்த பணத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். அவர் கறுப்புப் பணக்காரரா? செல்லாதென்று சொல்லப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக 2018-ல் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை தெரிவித்தது. பெருமளவு கறுப்புப் பணம் வெளிவராமலே அழிந்துபோகும் என்ற எதிர்பார்ப்பு அதோடு முடிந்தது.

2023 ஜனவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கை செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. வி. நாகரத்னா. யோசனை மத்திய அரசிடமிருந்து புறப்பட்டிருக்கிறது. அப்படியானால் அதை நாடாளுமன்றத்தின் சட்டத்தாலோ அவசரச் சட்டத்தாலோ செய்திருக்க வேண்டுமேயன்றி, ஓர் அறிவிக்கையால் செய்திருக்கக் கூடாது என்பது அவருடைய கருத்து. அந்தத் தீர்ப்பே என் மனத்துக்கு நெருக்கமானது. 1978-ல் பெரிய நோட்டுகளை ஒழித்தபோது அவசரச் சட்டமும் பிறகு நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. மக்களின் சட்டைப்பையில் கைவைப்பதற்கு முன் மக்களவையில் பேசியாக வேண்டும்.

கேள்வி: ஒரு பவுன் தங்கம் லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டது. தங்கம் ஏறவில்லை, ரூபாய்தான் இறங்குகிறது என்கிறார் என் அண்ணன். பழையபடி பொன்னை அடிப்படையாகக் கொண்ட பணத்துக்குத் திரும்ப முடியாதா? (தக்கலை)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, உலகம் முழுவதும் மத்திய வங்கிகளே அண்மைக் காலமாகத் தங்கம் வாங்கிக் குவிப்பது. நம் ரிசர்வ் வங்கியும் வாங்குகிறது. காகிதப் பணத்தை வெளியிடுபவர்களே தம் கையிருப்பில் பொன்னை விரும்புகிறார்கள் என்பதைச் சுதந்திரவாதிகள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

பத்மநாபபுரத்துக்கு அருகில் இருக்கும் உங்களுக்குப் பழைய திருவிதாங்கூர் நாணயங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது கணக்கு. ஒரே சந்தையில் இரண்டு ரூபாய்கள் புழங்கியும் வியாபாரம் நின்றுவிடவில்லை. பணத்தை வெளியிடும் உரிமை ஒரே அரசிடம் இருக்க வேண்டியதில்லை, பல பணங்கள் போட்டியிட்டால் நல்லது நிலைக்கும் என்று 1976-ல் ஹாயெக் எழுதியபோது, நம் முன்னோருக்கு அது ஓரளவு பழகிப்போன ஏற்பாடாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் பொன் அடிப்படைக்குத் திரும்புவதை நான் ஆதரிக்கவில்லை. பொன் சுரங்கத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கும் நம் ஊரில் எவ்வளவு நெல் விளைகிறது, எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. வியாபாரம் பெருகிப் பொன் பெருகாவிட்டால் விலைகள் விழும்; கடன் வாங்கியவர் அழிவார். 1930-களின் பெருமந்தத்தில் தானிய விலை பாதியாக விழுந்தபோது, வரியும் வட்டியும் கட்ட முடியாத இந்திய உழவர்கள் மனைவியின் தாலிக்கொடியையும் விற்றார்கள். 1931-க்குப் பிறகு அந்தப் பொன் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. விலையேற்றம் சேமிப்பாளரைக் கொல்லும் என்றால் விலை வீழ்ச்சி கடன்காரரைக் கொல்லும். நம் மாவட்டத்தில் இரண்டு வகையினரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

நான் பின்பற்ற விரும்புவது அம்பேத்கர் காட்டிய திசையை. ரூபாயைப் பற்றிய தம் ஆய்வை 1923-ல் நூலாக வெளியிட்ட அவர், உலோகம் எது என்பதைவிட, பணத்தை வெளியிடுபவரின் விருப்புரிமைக்கு எல்லை உண்டா என்பதே பெரிய கேள்வி என்று கண்டார். ரூபாயின் வெளியீட்டுக்குத் திட்டமான வரம்பு வேண்டும் என்றார். நூறாண்டு கழித்தும் அந்தக் கேள்வி பழையதாகவில்லை.

அதோடு, பொன் வைத்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் மனநிலையும் மாற வேண்டும். 1968-ன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் நீக்கப்படும்வரை, தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் கடத்தல்காரர்கள் கொழுத்தார்கள், பொற்கொல்லர்கள் பட்டினி கிடந்தார்கள். 2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை அதனால்தான் நான் வரவேற்றேன்.

கேள்வி: பிட்காயினில் முதலீடு செய்யலாமா? (தோவாளை)

பதில்: அரசின் அனுமதி இல்லாமல் பணம் ஒன்றை உருவாக்க முடியும் என்பதை அது 2009 முதல் நிறுவியிருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றிருக்கும் ஒன்றைக் கொண்டு தோவாளைச் சந்தையில் பூ வாங்க முடியாது. 2021-ல் அதைச் சட்டபூர்வப் பணமாக்கிய எல் சல்வடோர் நாடே, வணிகர்கள் அதை ஏற்க வேண்டிய கட்டாயத்தை 2025-ல் விலக்கிக்கொண்டது. இங்கே லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. கடன் வாங்கி அதில் போடாதீர்கள்.

கேள்வி: வங்கிகளைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்டால் எங்களைப் போன்ற சிறு சேமிப்பாளர்களின் கதி என்ன? என் தாத்தா ‘குயிலான் பாங்கு’ மூழ்கிய கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். (மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் தாத்தா சொன்னது திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியைப் பற்றி. 1937-ல் இரு வங்கிகள் இணைந்து உருவான அது, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக இருந்தது. 1938-ல் வைப்பாளர்கள் திரண்டு பணத்தை எடுக்கத் தொடங்க, ஜூனில் பணம் தருவதை நிறுத்தி, பிறகு கலைக்கப்பட்டது. தலைமையில் இருந்த கே. சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். அவருடைய குழுவினர் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசுக்கு நெருக்கமானவர்கள் என்பதால், திவான் சி. பி. ராமசாமி ஐயர் திட்டமிட்டே அந்த வங்கியை வீழ்த்தினார் என்று ஒரு தரப்பு இன்றளவும் சொல்கிறது. வங்கியின் நிர்வாகமே பலவீனமாக இருந்தது என்று மறுதரப்பு சொல்கிறது. அப்போது மூன்று வயதே ஆகியிருந்த ரிசர்வ் வங்கி கைகொடுக்கவில்லை.

சுதந்திரவாதிகள் இதில் அரசியல் பழிவாங்கலைப் பார்ப்பார்கள். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் கண்காணிப்பு இல்லாத வங்கியின் ஆபத்தைப் பார்ப்பார்கள். நான் இரண்டையும் பார்க்கிறேன். ஒரு திவானின் கோபத்தால் வங்கி ஒன்று விழக்கூடுமானால், அந்த அதிகாரம் அவரிடம் இருந்ததே தவறு. அதேசமயம், மார்த்தாண்டம் சந்தையில் கிழங்கு விற்றுச் சேர்த்த பணத்தைப் போட்டவர், வங்கியின் கணக்கேடுகளைத் தாமே ஆராய்ந்திருக்க வேண்டும் என்று எந்தப் பொருளியலாளர் சொன்னாலும் அதை நான் ஏற்க மாட்டேன்.

1960-ல் பாலை மத்திய வங்கி மூடப்பட்ட பிறகு, 1962-ல், வங்கி மூழ்கினால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்புறுதி வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம். எதுவானாலும் அரசு தரும் என்ற நம்பிக்கையில் வைப்பாளர் விழிப்பை இழக்கிறார், வங்கியும் துணிச்சலாகக் கடன் கொடுக்கிறது என்ற விமர்சனம் சரியானதே. அதற்கு மருந்து காப்புறுதியை எடுத்துவிடுவது அன்று. ஆபத்தான வங்கியிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது. உங்களைப் பொறுத்தவரை, ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைக்காமல் பிரித்துப் போடுங்கள். பதிவு செய்யாத சீட்டுகளில் சேராதீர்கள்.

கேள்வி: அர்ஜென்டினாவில் மிலேய் மத்திய வங்கியையே மூடுவேன் என்று சொல்லி அதிபர் தேர்தலில் வென்றார். அவருடைய ஆட்சி உங்கள் சுதந்திரவாதிகளுக்கு வெற்றியா, தோல்வியா? (பொறியியல் மாணவர், நாகர்கோவில்)

பதில்: 2023 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது ஒரே மாதத்தில் விலைகள் 25.5 சதவீதம் ஏறின. ஓராண்டுக்குப் பிறகு அதே மாதத்தில் 2.7 சதவீதம். பற்றாக்குறையை அடைக்கப் பணம் அச்சிடுவதை நிறுத்தினால் விலையேற்றம் அடங்கும் என்ற பழைய வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மையில் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மானியங்களும் பொதுப்பணிகளும் வெட்டப்பட, 2024-ன் முதல் பாதியில் வறுமையில் இருந்தோர் 52.9 சதவீதமானார்கள், இரண்டாம் பாதியில் அது 38.1 சதவீதமாகக் குறைந்தது. மத்திய வங்கி மூடப்படவில்லை. 2025 ஏப்ரலில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 2,000 கோடி டாலர் கடன் ஏற்பாடும், அக்டோபரில் அமெரிக்கக் கருவூலத்திடமிருந்து அதே அளவு நாணய மாற்று வசதியும் தேவைப்பட்டன. அரசின் கையை நம்பாதவர் இன்னோர் அரசின் கையைப் பற்றி நிற்பதை வெற்றி என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை. விலையேற்றத்தை அடக்கியதைத் தோல்வி என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் சுதந்திரவாதிகளுக்குச் சோதனை வந்தது. அந்நாட்டின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் கூடாது என்று பல்லாண்டுகளாகப் பேசியவர்கள், 2025-ல் அதிபர் டிரம்ப் வட்டியைக் குறைக்கும்படி அதன் தலைவர் ஜெரோம் பவலை வெளிப்படையாக நெருக்கியபோது, யார் பக்கம் நிற்பது என்று திணறினார்கள். தேர்வு எழுதப்போகும் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு குழுவிடம் இருக்கும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுப்பது அதிகாரத்தைக் குறைப்பதாகாது.

கேள்வி: வெளிநாட்டு ரப்பர் வரியில்லாமல் வந்தால் எங்கள் தோட்டங்கள் அழிந்துவிடும். திறந்த சந்தையைப் புகழும் நீங்கள் எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? (ரப்பர் விவசாயி, குலசேகரம்)

பதில்: கடுமையான கேள்வி, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இயற்கை ரப்பருக்கு 2015 முதல் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது இறக்குமதி வரியாக இருக்கிறது. கொள்கையில் ஊன்றிய ஒரு சுதந்திரவாதி, அதை நீக்கச் சொல்வார். உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை டயர் வாங்குபவர்கள் சுமக்கிறார்கள் என்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, நம் கடல் உணவு ஏற்றுமதியாளர்கள் பட்ட துன்பத்தைப் பார்த்த நமக்கு, வரிச்சுவரின் மறுபக்கம் இருப்பவரின் நிலையும் இப்போது தெரியும்.

ஆனால் விற்கும்போது மட்டும் சந்தை, மற்றதற்கெல்லாம் அரசாணை என்பது நியாயமில்லை. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காடாகக் குறிக்கப்பட்ட நிலத்தில், உரிமையாளர், அதற்கென அமைத்த குழுவின் அனுமதியின்றி மரம் வெட்டவோ நிலத்தை விற்கவோ முடியாது. 1949-ல் பெருங்காடுகளை அழிக்கும் ஜமீன்தார்களை மனத்தில் வைத்து இயற்றப்பட்ட சட்டம், இன்று சில ஏக்கர் வைத்திருப்பவரையும் அலைய வைக்கிறது. மலையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. காப்பதற்கான செலவை முழுச் சமூகமும் ஏற்காமல் நில உரிமையாளர் தலையில் மட்டும் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். முதலில் உங்கள் கைகளை அவிழ்க்கட்டும், பிறகு வரியைப் படிப்படியாகக் குறைக்கட்டும். இந்த வரிசை தலைகீழானால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி: மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதை உங்கள் கொள்கைக்காரர்கள் இலவசம் என்று ஏளனம் செய்வார்களா? எங்கள் வீட்டில் அந்தப் பணத்தில்தான் எரிவாயு உருளை வாங்குகிறோம். (இராஜாக்கமங்கலம்)

பதில்: ஏளனம் செய்பவர்கள் தம் சிந்தனை மரபைச் சரியாகப் படிக்கவில்லை. வறியவர்களுக்குப் பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல், எதை வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று வாதிட்டவர் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். குறைந்தபட்ச வருமானம் ஒன்றை உறுதி செய்வதை ஹாயெக்கும் மறுக்கவில்லை. அரசு கொள்முதல் செய்து வழங்கும் மிக்சியைவிட, 2023 செப்டம்பர் முதல் உங்கள் கணக்கில் நேராக வந்து சேரும் ஆயிரம் ரூபாய் உங்களை அதிகமாக மதிக்கிறது.

என் கவலை அந்தப் பணம் வரும் வழியைப் பற்றியது. அரசுக்கு வரி, கடன், பணம் அச்சிடுதல் என்று முக்கியமாக மூன்று வழிகள். மாநிலத்துக்கு மூன்றாவது வழி இல்லை. தமிழ்நாட்டின் நிலுவைக் கடன் 2026 மார்ச்சில் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை மதிப்பிட்டது. மத்திய அரசுக்கோ வேறொரு வரவும் உண்டு: 2024-25 கணக்கில் ரிசர்வ் வங்கி தன் உபரியிலிருந்து 2,68,590 கோடி ரூபாயை அதற்கு வழங்கியது. தேர்தல் மேடையில் தொகையை அறிவிப்பவர்கள், எந்த வரியிலிருந்து, எந்தச் செலவைக் குறைத்து அதைத் தரப்போகிறார்கள் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்பதால் உங்கள் ஆயிரம் ரூபாய் குறைந்துவிடாது. விலையேற்றம் அதைத் தின்றுவிடாமல் இருக்கவே அது உதவும்.

கேள்வி: கேரள எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை இருக்கிறது, இந்தப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. இது என்ன நீதி? (பனைத் தொழிலாளி, களியக்காவிளை)

பதில்: இதை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்), தடவாமல் விட்டால் கள். அந்த ஒரு தடவலுக்கு இடையில் உழைப்பாளியாக இருந்தவர் குற்றவாளியாகிறார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. மது தீங்கானது என்பதற்காகத் தடை என்றால், அதைவிட வீரியமான மதுவை அரசே விற்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. தானே விற்பனையாளராக இருக்கும் அரசு, தன் போட்டியாளரைச் சட்டத்தால் ஒழித்திருக்கிறது. மதுவால் சிதைந்த குடும்பங்களை நான் நெருக்கமாகப் பார்த்தவன், குடியை ஊக்குவிக்க ஒருநாளும் எழுத மாட்டேன். இருந்தாலும் உரிமம், கலப்படப் பரிசோதனை, விற்பனை நேரம் ஆகியவற்றுக்கு விதிகளை வகுத்து, கேரளத்தில் இருப்பதுபோல இங்கும் கள் இறக்குவதை அனுமதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, பனையேறியவர் மீது போடப்பட்ட வழக்குகளையாவது அரசு திரும்பப் பெற வேண்டும்.